மாமா கடைசியாக இறங்கிய வீடு

என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவர் என்றுதான் என் அப்பாவிடம் சொன்னார்கள். தாய் சிறுவயதிலேயே இறந்துபோனதால் மாப்பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். நாகர்கோவிலில் ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் வேலை. வெற்றிலைகூடப் போடமாட்டார். பூதப்பாண்டியில் கொஞ்சம் வயலும் வரிசையாகப் பெண்மக்களும் வைத்திருந்த என் அப்பாவுக்கு அதுவே நிறைவாக இருந்தது. இலங்கையைப் பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

வடசேரியில் ஒரு சந்துக்குள் வீடு. தெருவைப் பார்த்து ஓர் அறை, அதற்குள்ளே ஓர் அறை, அடுக்களை. கிணறு நாலு வீட்டுக்கும் பொது. மாமனார் முன்னறையில் பாய் போட்டுப் படுப்பார். நெடுநெடுவென்று உயரமான மனிதர், உடம்பில் ஒரு பிடி சதை அதிகமாகக் கிடையாது. நடந்தால் சத்தம் வராது. அடுக்களையில் குனிந்து அரைத்துக்கொண்டிருப்பேன். நிமிர்ந்தால் பின்னால் நிற்பார். நான் திடுக்கிடுவதைப் பார்த்துவிட்டு, பிறகு வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு வரத் தொடங்கினார். தண்ணீர் கோரித் தருவார், தேங்காய் துருவுவார். மகளைக் கூப்பிடுவதுபோல என்னை 'மக்களே' என்பார். வெயில் தாழ்ந்தால் அவருக்குக் கண் தெரியாது, மாலைக்கண். விளக்கு வைத்த பிறகு சுவரைத் தடவிக்கொண்டுதான் கைகழுவப் போவார்.

மகனும் அவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அவரைத் திட்டியதும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சோறு, மருந்து, வேட்டி துவைப்பது எல்லாம் என் வழியாக.

கிணற்றடியில் எதிர்வீட்டு அக்காள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"எலங்கையா? ஒனக்க மாமா எலங்கைக் கப்பலக் கண்ணால கண்டிருக்க மாட்டாரு பெண்ணே. திருவனந்தரம் செயில்லல்லா இருந்தாரு. ஓடு பிரிச்சு வீட்டுக்குள்ள எறங்குத ஆளு. எங்க அப்பா காலத்துல அவருக்க பேரச் சொன்னா வீட்டுல பெண்ணுக ஒறங்காது."

வாளியை அப்படியே கிணற்று மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மையை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லியிருந்தா ஒங்க அப்பா பெண்ணு தந்திருப்பாரா? சுதந்திரம் கெடச்ச வருசம் அவரயும் வெளிய விட்டாவ. போக எடமில்லாம எனக்க வாசல்ல வந்து நிண்ணாரு. நான் ஒண்ணுதான் கேட்டேன். இந்த வீட்டுல இருக்க நீரு யாருண்ணு வெளிய தெரியப்பிடாதுண்ணு. நீ சோறு போடு. வேற ஒண்ணும் கேக்காண்டாம்."

ஆனால் மாமாவிடம் நான் கேட்டேன். மறுநாள் மத்தியானம், அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு. அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"ஆமா மக்களே. களவுதான். வேற ஒரு வேலையும் நான் படிக்கல்ல."

பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "ஒருக்கா தோவாளப் பக்கம் ஒரு வீட்டுல எடுத்தேன். கல்யாணத்துக்குச் செய்து வச்சிருந்த நகை உருப்படி. அந்தக் கல்யாணம் நடக்கல்ல. அந்தப் பிள்ளைக்குப் பெறகும் ஒண்ணும் அமையல்லண்ணு செயில்ல வச்சு ஒருத்தன் சொன்னான்." முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், யாரோ செய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து உள்ளறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. "உள்ள ஒனக்க பெட்டி இருக்கு. ஒரு ஊசி காணாமப் போனாலும் எல்லாரும் எனக்க மொகத்தத்தான் பாப்பாவ" என்றார்.

என் வீட்டுக்காரர் வேலை செய்த அச்சாபீசில்தான் சினிமாக் கொட்டகைக்கு நோட்டீசு அடிப்பார்கள். அதனால் அவ்வப்போது பாஸ் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு இரண்டு பாஸ் கொண்டுவந்து கொடுத்து, எதிர்வீட்டு அக்காளோடு போய்வரச் சொன்னார். அவளுக்கு அன்றைக்கு வர முடியவில்லை. வீணாய்ப்போக வேண்டாமே என்று மாமாவைக் கூப்பிட்டேன். வேட்டியை மாற்றிக்கொண்டு ஒரு நொடியில் வந்து நின்றார். தரையில் என்றால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாஸ் என்பதால் நாற்காலியில் சேர்ந்து உட்கார்ந்தோம்.

அந்தப் படத்தில் ஒரு வயதான கள்ளன். தொழிலை விட்டுவிட்டு மகளோடு கிராமத்தில் இருக்கிறான். பழைய கூட்டாளிகள் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்கிறார்கள். மாட்டேன், மாட்டேன் என்கிறான். மகளுக்கு நோய் வருகிறது. போகிறான். இரும்புப் பெட்டியைத் திறக்கிறான். போலீசு சுடுகிறது. மகளின் மடியில் வந்து விழுந்து வெகுநேரம் பேசிவிட்டுச் சாகிறான். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. நானும் அழுதேன். மாமா முன்னால் சாய்ந்து, முழங்கால்களில் கையை ஊன்றி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி நடந்து வரும்போது, "எப்படி மாமா இருந்து?" என்று கேட்டேன்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒரு காரியம் சரியா எடுத்திருக்கான். தேடி வருவான். எங்க போயி இருந்தாலும் ஒருத்தன் தேடி வருவான்" என்றார்.

"ஒங்களத் தேடி யாரும் வரல்லல்லா?"

"இதுவரைக்கும் வரல்ல." இன்னும் கொஞ்ச தூரம். "அந்த ஆளு எத்தன மட்டம் மாட்டேண்ணு சொல்லுகான், பாத்தியா? அது அப்படி இல்ல மக்களே. வாயி மாட்டேண்ணுதான் சொல்லும். காலு அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நிக்கும்."

அந்தப் படம் ஊரைவிட்டுப் போகும்வரை மாமா தனியாகவும் சில தடவை போய்ப் பார்த்தார். தரை டிக்கெட்டுக்கு நான்தான் சில்லறை கொடுப்பேன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரிப் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. தமிழில் வந்தன, இந்தியில் வந்தன, இப்போது பேரப்பிள்ளைகள் வைக்கும் இங்கிலீஷ் படங்களிலும் நரைத்த தலையோடு ஒருவனைப் பார்க்கிறேன். எல்லாப் படத்திலும் அவனுக்கு ஒரு காரணம் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆபரேஷன், மனைவிக்கு வைத்தியம், பழைய பகை. மாமாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. யாருக்கும் நோய் இல்லை. அவர் போனதற்கு அவரே சொன்ன காரணம் ஒன்று உண்டு. அதை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

தேடி வந்தவன் ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வந்தான். அடுத்த ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு முற்பகல். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், கட்டையான உருவம், முறுக்கிய மீசை, தோளில் பாய்க்கட்டு. பாய் விற்க வந்தவன் என்று நினைத்து வேண்டாம் என்றேன். அதற்குள் மாமா முன்னறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். வந்தவன் பாய்க்கட்டைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் பெயரைச் சொல்லி, கூடவே 'அண்ணாச்சி' என்று சேர்த்துக் கூப்பிட்டு, குனிந்து அவர் காலைத் தொட்டான். அந்த வீட்டில் மாமாவின் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனேன். அவர்கள் தணிந்த குரலில் பேசினாலும் வீடு சின்னது.

"எனக்குக் கண்ணு தெரியல்லடே. வெளக்கு வச்சா குருடுதான்."

"ராத்திரி இல்ல அண்ணாச்சி. பட்டப்பகல். மார்கழித் தேரோட்டத்துக்கு அந்த வீடு மொத்தமும் சுசீந்திரத்துக்குப் போயிரும். தேர்க்கூட்டத்துல அறுத்துருவானுவண்ணு பயந்து பெண்ணுக உருப்படிய எல்லாம் வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டுத்தான் போகும்."

"வயசாச்சு."

"கீழ எறங்கி எடுத்துத் தந்தாப் போதும். ஓட்டு மேல காலு வச்சா ஓடு அறியாது, அப்படி நடக்க ஒம்மள விட்டா யாரு இருக்கா? இப்பம் உள்ள பயலுவ எருமமாடு மாதிரி ஏறுகானுவ."

மாமா சிரித்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவர் சிரிப்பு எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினார். அவன் மறுபடியும் வந்தான். மறுபடியும் முடியாது என்றார். ஆனால் அவரிடம் ஒரு மாறுதல் வந்துவிட்டது. காலையில் எழுந்து முழங்காலுக்கும் தோளுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிணற்றில் ராட்டினத்தை விட்டுவிட்டு வெறும் கையால் கயிறு பிடித்துத் தண்ணீர் இழுத்தார். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போனாப் போட்டும். போனா இங்க திரும்பி வராண்டாம்ண்ணு சொல்லிரு" என்றார். அதையும் என்னிடம்தான் சொன்னார்.

நான் அதை அப்படியே மாமாவிடம் சொல்லவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, போகாதியோ" என்றேன்.

"எங்க?"

"எனக்கு எல்லாம் கேட்டுது."

அவர் துருவுவதை நிறுத்தினார். "மக்களே, இத்தன வருசமா எனக்க பேரச் சொல்லி யாரும் என்னக் கூப்பிடல்ல. ஒனக்க மாப்பிள அப்பாண்ணு கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா? அவனக் குத்தம் சொல்லல்ல. நான் அவனுக்குச் செய்ததுக்கு அவன் சோறு தாறதே பெருசு. இவன் வந்து கூப்பிட்டான். கூப்பிட்டப்பம் எனக்கு ஆளு நாந்தாண்ணு தோணிச்சு."

"இந்தப் பிள்ள பொறந்து ஒங்களப் பாட்டாண்ணு கூப்பிடும்."

"கூப்பிட விடுவானா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் மறுபடி துருவத் தொடங்கினார்.

தேரோட்டத்தன்று காலையில் குளித்து, துவைத்த வேட்டி உடுத்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வாசலில் நின்று, "தேரு பாத்துட்டு வாறேன் மக்களே" என்றார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்து திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று நடந்ததை நான் பிறகு அவர் வாயால் கேட்டேன். அவரைப் பிடித்து நாகர்கோவில் சப்ஜெயிலில் வைத்திருந்தபோது எதிர்வீட்டு அக்காளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் குந்தியிருந்தார். எழுந்து நிற்க முயன்று, முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சுசீந்திரத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவிலுள்ள ஊர். பெரிய ஓட்டு வீடு. நகையை வைத்திருந்தது அறைப்புரையில். நெல்லும் வெண்கலப் பாத்திரமும் போட்டுப் பூட்டும் அறை அது. சன்னல் கிடையாது, கதவு ஒன்றுதான், வெளியே கனத்த பூட்டு. கூரை ஓட்டை எடுத்து, கீழே மச்சுப் பலகையில் இற்றுப்போயிருந்த ஒன்றைப் பெயர்த்து, பாய்க்கட்டோடு வந்தவன் கயிறு கட்டி மாமாவை இறக்கியிருக்கிறான். ஓட்டின்மேல் நடந்தது, பலகையைச் சத்தமில்லாமல் எடுத்தது, இறங்கியது எல்லாம் பழையபடியே நடந்திருக்கின்றன. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. பெட்டியைத் திறந்து, எடுத்ததைத் துண்டில் முடிந்து மேலே அனுப்பினார். பிறகு ஏறுவதற்குக் கயிற்றைப் பிடித்தார்.

"தோளு எந்திக்கல்ல மக்களே. கையத் தூக்குகேன், ஒடம்பு கூட வரமாட்டேங்கு. அவன் மேல நிண்ணு இழுத்துப் பாத்தான். பாதி வழிக்கு வருவேன், கை விட்டுப் போயிரும். நெல்லு மேல பொத்துண்ணு விழுவேன். மூணாவது மட்டம் விழுந்தப்பம் எந்திரிக்கவே முடியல்ல."

"அவன் என்ன செய்தான்?"

"இப்பம் வாறேன் அண்ணாச்சிண்ணு சொன்னான். கயித்தச் சுருட்டி எடுத்தான். பலகையையும் எடுத்து மூடிட்டுப் போனான். அவனக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. நானா இருந்தாலும் போயிருப்பேன்."

அதற்கப்புறம் அவர் அந்த இருட்டில் நெற்குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார். நெல்லின் சூடும் தூசும் தொண்டையை அடைத்தன. வெகுநேரம் கழித்து வெளியே யாரோ வேலைக்காரி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் கதவு திறக்கும். கூப்பிடவில்லை. சாயங்காலம் வண்டிகள் வந்தன. விருந்தாளிகள், பிள்ளைகள், சிரிப்பு. சமையலுக்குத் தேங்காய் எடுக்க ஒரு பெண் விளக்கோடு வந்து பூட்டைத் திறந்தாள்.

"எனக்கு வெளக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. அதுக்குப் பின்னால ஆளு யாருண்ணு தெரியல்ல. அந்தப் பிள்ள அலறீரப்பிடாதேண்ணு, பயப்படாண்டாம், என்னால ஏற முடியல்லண்ணு சொன்னேன்."

அவள் அலறத்தான் செய்தாள். ஆண்கள் ஓடிவந்து வெளியே இழுத்துப் போட்டார்கள். ஒரு பையன் கையை ஓங்கினான். அதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் விளக்கை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "சவம், கெழவனாக்கும். அடிச்சா செத்துருவான்" என்றாராம். யாரோ சிரித்தார்கள். ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். செம்பை வாய்க்குத் தூக்கத் தோள் வராமல் தண்ணீரெல்லாம் மார்பில் கொட்டியிருக்கிறது.

"அடிச்சிருக்கலாம் மக்களே" என்றார் மாமா.

அவ்வளவு நேரம் கண்கலங்காமல் பேசியவர் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டு அக்காள் என் கையைப் பிடித்து, போகலாம் என்றாள்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அச்சாபீசில் அடிக்கும் வாரப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. அதற்கு எழுத்துக் கோர்த்தது என் வீட்டுக்காரர்தான். முதலாளி நல்ல மனிதர், வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம், என் வேலையை நானே செய்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். என் அப்பா வில்வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை. "எலங்கைண்ணுல்லா சொன்னாவ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார், பிறகு திரும்ப அனுப்புகிற எண்ணம் அவர் முகத்தில் தெரியவில்லை. நான் போகவில்லை. எதிர்வீட்டு அக்காள்தான் எனக்குப் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை.

கோர்ட்டில் மாமா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். கூட இருந்தவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் அகப்படவும் இல்லை, நகைகள் கிடைக்கவும் இல்லை. பழைய தண்டனைகள் இருந்ததால் இந்தத் தடவை நிறைய வருஷம் போட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு மாந்தம், பிறகு மழை, பிறகு ஊரெல்லாம் வேறு பேச்சு. எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. வடசேரிச் சந்தையில் வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். திருவனந்தபுரம் ஒரே நாளில் வேறு ராஜ்யமாகிவிட்டது. இங்குள்ள கைதிகளைப் பாளையங்கோட்டைக்கு மாற்றப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாற்றினால் போய்வர வசதி எப்படியிருக்கும் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு போலீசுக்காரர் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

காலை நேரம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். மார்ச்சளியில் இறந்துவிட்டார், உடம்பை வாங்க யாராவது வருகிறீர்களா என்று கேட்டுவரச் சொன்னார்கள் என்றார் போலீசுக்காரர். இவர் ஈரக் கையோடு நின்றார்.

"நாங்க வரல்ல. அங்கயே அடக்கச் சொல்லிருங்கோ."

"ஒரே மவனா?"

"ஆமா."

போலீசுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். போலீசுக்காரர் சைக்கிளைத் திருப்பச் சந்தில் இடமில்லாமல் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்கெல்லாம் இவர் திரும்பி வந்துவிட்டார். அப்படி இடையில் வருகிறவர் அல்ல. முன்னறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். சோறு வைத்தேன், தொடவில்லை. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நீ போயிப் பாத்தியே. ஆளு எப்படி இருந்தாரு?"

"மெலிஞ்சிருந்தாரு."

"முடி வெட்டியிருந்தாவளா?"

"ஒட்ட வெட்டியிருந்தாவ."

"என்னயக் கேட்டாரா?"

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் கொறவு வரல்லயேண்ணு கேட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே குழந்தை அழுதது. நான் எழுந்து போய் அதை எடுத்துப் பால் கொடுத்து, உறங்கவைத்துவிட்டு வந்தேன். அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சோற்றில் எறும்பு ஏறியிருந்தது.